காலியாகக் கிடக்கும் கவுண்டர்

"அத்தை, ஒரு இடம்கூட காலியா இல்ல. எல்லாமே ஃபுல்லு. அப்புறம் ஏன் எல்லா ஃப்ளைட்டும் லேட்டாவே போகுது?"

அண்ணன் மகள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பியபோது அடுப்பிலிருந்து டீயை அப்போதுதான் இறக்கியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் நான்கு நாளாக 'ஏர்போர்ட் சி.இ.ஓ.' என்ற விளையாட்டில் விமான நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டு வரைபடத்தை மேலிருந்து பார்ப்பது போலத் திரையில் எல்லாம் தெரிகிறது: ஒரு ரன்வே, அதிலிருந்து பிரியும் டாக்ஸிவே, விமானம் வந்து நிற்கும் ஸ்டாண்டுகள் ஆறு. ஆறிலும் விமானம். டெர்மினலுக்குள் செக்-இன் கவுண்டர்களில் கூட்டம், செக்யூரிட்டியில் அதைவிட நீளமான வரிசை. ஓடிக்கொண்டே இருக்கும் பணக்கணக்கு சிவப்பில் நின்றது.

இந்த வகை விளையாட்டுகளை நான் பல வருடங்களாக ஆடுகிறேன். அதனால் அவள் எங்கே தடுக்கி நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் எல்லோரும் ஒருமுறை தடுக்குவார்கள். டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று மாலை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த விளையாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம். சுடுவது, ஓடுவது, குதிப்பது எதுவும் இதில் இல்லை. ஒரு நிறுவனத்தைக் கட்டி, நடத்தி, நஷ்டப்படாமல் வைத்திருக்க வேண்டும். 1989-ல் வில் ரைட் உருவாக்கிய 'சிம்சிட்டி' ஊர் கட்டும் விளையாட்டாக வந்தது. 1994-ல் ஜப்பானின் யூட் சைட்டோ செய்த கட்டட விளையாட்டு 'சிம்டவர்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. பெயருக்குத்தான் அது கட்டடம். உள்ளே போனால் முழுக்க லிஃப்ட் பிரச்சினை. லிஃப்டுக்காக நின்று நின்று சலித்த மனிதர்கள் சிவந்து போவார்கள், பிறகு வீட்டையே காலி செய்துவிடுவார்கள். காத்திருப்பைக் கையாள்வதே ஒரு முழு விளையாட்டாக முடியும் என்று எனக்குக் காட்டியது அதுதான். விமான நிலையத்தை வைத்து 2000-ல் பிரிட்டனின் கிரிசாலிஸ் நிறுவனம் 'ஏர்போர்ட் டைகூன்' செய்தது. இப்போது பலரும் ஆடுவது 2017-ல் முதல் வடிவம் வந்த இரண்டு விளையாட்டுகளை: 2020-ல் முழுமையடைந்த 'சிம்ஏர்போர்ட்', 2021-ல் முழுமையடைந்த 'ஏர்போர்ட் சி.இ.ஓ.' இரண்டாவதைச் செய்தது அபோயாப்சிஸ் என்ற சிறிய ஸ்வீடன் நிறுவனம். என் அண்ணன் மகளுக்குப் பிடித்தது அது. எனக்கும்தான்.

அதில் ஆரம்பம் எளிது. சிறிய ரன்வே, சின்ன டவர், இரண்டு ஸ்டாண்டு. விசிறி வைத்த குட்டி விமானங்கள் வரும், அவ்கேஸ் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகும். பிறகு விமான நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடலாம். ஜெட் வரத் தொடங்கும். அதற்கு வேறு எரிபொருள், வேறு டாங்கி, வேறு வண்டி. ஒப்பந்தம் போட்டதும் ஓர் அட்டவணை திறக்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒரு வரி, குறுக்கே மணி நேரங்கள். ஒவ்வொரு விமானமும் ஒரு கட்டம். அதை எந்த ஸ்டாண்டில், எத்தனை மணிக்கு வைப்பது என்று நாமே எடுத்து வைக்க வேண்டும்.

அவளுடைய அட்டவணையைத் திறக்கச் சொன்னேன். சுவருக்குச் செங்கல் அடுக்கியது மாதிரி இருந்தது. ஒரு கட்டம் முடியும் இடத்தில் அடுத்த கட்டம், நடுவே ஊசி நுழைய இடமில்லை. காசு கொடுத்துக் கட்டிய ஸ்டாண்டைச் சும்மா போட்டு வைக்கலாமா என்பது அவள் வாதம். நியாயமான வாதம்தான். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பதும் அதுதானே, எதையும் வீணாக்காதே என்று.

"விமானம் எப்போ சம்பாதிக்கும், சொல்லு?"

"பறக்கும்போது."

"தரையில நிக்கும்போது?"

"செலவு."

அது விமான நிறுவனத்தின் கணக்கு. அதனால்தான் வந்து நின்ற விமானத்தைத் திருப்பி அனுப்பும் நேரத்தைக் குறைக்க அவர்கள் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் என்ற நிறுவனம் தொடங்கிய புதிதில், 1972-ல், பணமுடையால் தன்னிடமிருந்த நான்கு போயிங் 737 விமானங்களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. பயண அட்டவணையைக் குறைக்க மனமில்லை. நான்கு விமானம் செய்த வேலையை மூன்று செய்ய வேண்டுமானால், தரையில் நிற்கும் நேரம் பத்து நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். அதைச் செய்து காட்டினார்கள். வந்தவர்கள் ஒரு பக்கம் இறங்க, பெட்டிகள் இன்னொரு பக்கம் இறங்க, எரிபொருள் ஏற, குப்பை வாரப்பட, புதியவர்கள் ஏற, கதவு மூட. பத்து நிமிடம்! இன்றைய விமானங்களில் ஆட்களும் அதிகம், விதிகளும் அதிகம், அவ்வளவு வேகம் எட்டாது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் ஒரு தொழிலையே மாற்றியது.

விளையாட்டிலும் இதே சங்கிலிதான். படிக்கட்டு வண்டி வந்தால்தான் ஆள் இறங்குவார்கள். பெட்டி வண்டி வந்தால்தான் வயிறு காலியாகும். எரிபொருள் வண்டி வர வேண்டும், கேட்டில் ஊழியர் இருக்க வேண்டும், செக்யூரிட்டியைத் தாண்டிப் பயணிகள் வந்து சேர வேண்டும், கடைசியில் பின்னுக்குத் தள்ளும் வண்டி வர வேண்டும். இத்தனையில் எது தாமதித்தாலும் விமானம் நகராது. நகராத விமானம் ஸ்டாண்டை விடாது. அந்த ஸ்டாண்டுக்கு என்று வந்திறங்கிய அடுத்த விமானம் டாக்ஸிவேயில் நிற்கும். அதன் பின்னால் இன்னொன்று. காலை எட்டு மணிக்கு ஓர் எரிபொருள் வண்டி பத்து நிமிடம் சுணங்கியது மாலை ஏழு மணிக்குப் பதினைந்து விமானங்களின் தலையில் விடியும். இடைவெளியில்லாத அட்டவணையில் தாமதத்துக்குக் கரைந்து போக இடமே கிடையாது. நாள் முழுவதும் கைமாறிக்கொண்டே போகும்.

இதுவரை அவளுக்குப் புரிந்துவிட்டது. "சரி, கொஞ்சம் இடைவெளி விடறேன். எவ்வளவு விடணும்?" என்றாள். இந்தக் கேள்விக்கு டீக்கடைக்குப் போகாமல் பதில் சொல்ல முடியாது.

தெருமுனை டீக்கடையில் ஒரே மாஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சராசரியாக ஒரு நிமிடம். ஆறு கிளாஸை வரிசையாக வைத்து ஒரே வீச்சில் ஊற்றுகிற மாஸ்டரை இப்போதைக்கு மறந்துவிடுவோம், ஒவ்வொருவராகத்தான் கொடுக்கிறார். ஆக, மணிக்கு 60 பேருக்குக் கொடுக்கலாம். மணிக்கு 30 பேர்தான் வருகிறார்கள் என்றால், வந்தவர் சராசரியாக ஒரு நிமிடம் நின்றால் போதும். மாஸ்டர் பாதி நேரம் சும்மா இருப்பார். 48 பேர் வந்தால் காத்திருப்பு நான்கு நிமிடம். 54 பேர் வந்தால் ஒன்பது. 57 பேர் வந்தால் பத்தொன்பது நிமிடம்!

அவள் நம்பவில்லை. 54-க்கும் 57-க்கும் மூன்று பேர்தானே வித்தியாசம், அதற்கு எப்படிக் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும்? விஷயம் இதுதான். ஆட்கள் நிமிடத்துக்கு ஒருவராக மணியடித்த மாதிரி வருவதில்லை. ஐந்து நிமிடம் ஈ, காக்கை இருக்காது. திடீரென்று பஸ் ஒன்று நின்று எட்டுப் பேர் இறங்குவார்கள். ஒருவருக்குச் சட்டென்று டீ கிடைக்கும், இன்னொருவர் சர்க்கரை கம்மி, டிகாக்ஷன் ஸ்ட்ராங் என்று நேரம் எடுப்பார். மாஸ்டர் சும்மா நின்ற அந்த ஐந்து நிமிடத்தை டப்பாவில் போட்டு வைத்து, கூட்டம் வரும்போது எடுத்துச் செலவு செய்ய முடியாது. போனது போனதுதான். ஆனால் சேர்ந்த கூட்டம் சேர்ந்தே நிற்கும், கரைய நேரம் வேண்டும். கரைவதற்குள் அடுத்த பஸ் வந்தால் கூட்டத்தின் மேல் கூட்டம். மாஸ்டருக்கு ஓய்வு குறையக் குறைய, கரைய வழி குறைகிறது. 60 பேர் திறனுக்கு 60 பேர் வந்தால் கணக்குப்படி அந்த வரிசை வளர்ந்துகொண்டே போகும், முடிவே கிடையாது.

இந்தக் கணக்குக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற டேனிஷ்காரர், எத்தனை லைன் போட்டால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று ஆராய்ந்து 1909-ல் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கிருந்து வளர்ந்தது. ஆஸ்பத்திரி, பாங்க், டோல்கேட், செக்யூரிட்டி வாசல் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. புத்தகத்தில் படித்தபோது எனக்கு இது ஒரு சூத்திரம், அவ்வளவுதான். விளையாட்டில் என் டெர்மினல் நிரம்பி வழிந்த அன்றுதான், 60-க்கு 57, அதாவது 95 சதவீதம் என்பது எவ்வளவு ஆபத்தான எண் என்று உறைத்தது. சூத்திரத்தை உடம்பில் ஏற்றுகிற வாத்தியார் கிடைப்பது அபூர்வம். இந்த விளையாட்டு அப்படி ஒரு வாத்தியார்.

அவளுடைய செக்யூரிட்டியில் இரண்டு லைன். இரண்டும் விடாமல் ஓடின. ஊழியருக்கு ஓய்வே இல்லை என்று பெருமையாகக் காட்டினாள். நோய் அங்கேயே இருந்தது. மூன்றாவது லைன் ஒன்று போட்டால் பாதி நேரம் சும்மா கிடக்கும், சம்பளம் போகும். ஆனால் அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் மற்ற இரண்டு லைனின் கூட்டம் கரையும். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி வரிசை விடாமல், எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எது காலியாகிறதோ அதற்கு அனுப்பினால் காத்திருப்பு குறையும். ஒரு லைன் காலியாக இருக்கும்போது பக்கத்து வரிசையில் யாரும் மாட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

அவள் செய்திருந்த இன்னொரு தவறு எல்லோரும் செய்வது. கடன் வாங்கி இரண்டாவது ரன்வேக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். விமானம் தாமதம் என்றால் ரன்வேதான் காரணம் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடுகிறது. அதுதானே கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. லண்டனுக்குத் தெற்கே உள்ள கேட்விக் விமான நிலையம், நெரிசலான மணிகளில் ஒரே ரன்வேயில் 55 விமானங்களை ஏற்றி இறக்குகிறது. சராசரியாக 65 நொடிக்கு ஒன்று. ஆறு ஸ்டாண்டு வைத்திருப்பவருக்கு ரன்வே பஞ்சம் வர வாய்ப்பே இல்லை. அவளுடைய ரன்வே பெரும்பாலான நேரம் வெறிச்சென்றுதான் கிடந்தது. இறங்கிய விமானமும் கிளம்பும் விமானமும் ஒரே டாக்ஸிவேயில் எதிரெதிரே வந்து முட்டி நின்றன. சங்கிலியில் எந்தக் கண்ணி இறுக்கமாக இருக்கிறதோ அதைத் தளர்த்தாமல் வேறு எதைப் பெரிதாக்கினாலும் காசுதான் கரையும்.

பெட்டிகள் பக்கம் வருவோம். இந்த விளையாட்டுகளில் ஆட்களைக் கதறவைக்கும் பகுதி இதுதான். செக்-இன் கவுண்டரில் போடும் பெட்டி கன்வேயர் பெல்ட்டில் ஏறி, ஸ்கேனர்களைக் கடந்து, கிளை பிரிந்து, சரியான விமானத்துக்கான இடத்தில் இறங்க வேண்டும். பெல்ட்டை நாமே துண்டு துண்டாகப் போட வேண்டும். ஒரு வளைவு தவறினால் பெட்டிகள் சுற்றிச் சுற்றி வரும். ஒரு கிளை அடைத்தால் பின்னால் எல்லாம் நிற்கும். விளையாட்டுக்காரர்கள் இதை மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் டென்வர் கதையைச் சொல்வது வழக்கம்.

அமெரிக்காவின் டென்வர் நகரம் புதிய, பிரம்மாண்டமான விமான நிலையத்தைக் கட்டியது. 1993 அக்டோபரில் திறப்பதாகத் திட்டம். பெட்டிகளை எடுத்துப்போக முழுக்கத் தானியங்கி ஏற்பாடு: ஏறக்குறைய 4,000 சிறு வண்டிகள், பல மைல் நீளத் தண்டவாளம், எல்லாவற்றையும் ஓட்டக் கம்ப்யூட்டர்கள். 1994 வசந்த காலத்தில் பத்திரிகையாளர்களை அழைத்து ஓட்டிக் காட்டினார்கள். வண்டிகள் மோதின, பெட்டிகள் தூக்கி எறியப்பட்டன, துணிமணிகள் தண்டவாளத்தில் சிதறின. திறப்பு தள்ளிப்போனது. திரும்பவும் தள்ளிப்போனது. தள்ளிய ஒவ்வொரு நாளுக்கும் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. கடைசியில் 1995 பிப்ரவரி 28 அன்று, பதினாறு மாதம் தாமதமாக, டிராக்டர் இழுக்கும் பழைய பாணி பெட்டி வண்டிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் திறந்தார்கள். அந்தத் தானியங்கி ஏற்பாட்டில் ஒரு பகுதியை யுனைடெட் விமான நிறுவனம் மட்டும் பத்து வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு 2005-ல் கைவிட்டது.

ஏன் தோற்றது? எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் டி நுஃப்வில் இதைப் பற்றி அப்போதே எழுதினார். மென்பொருள் பிழைகள், அவசரம் எல்லாம் இருந்தன. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய அடிப்படைச் சிக்கல் காலி வண்டிகளைப் பற்றியது. பெட்டி ஏற்ற ஒரு வண்டி காலியாக வந்து நிற்க வேண்டும். வழியில் முதலில் இருக்கும் இடங்கள் காலி வண்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டால், கடைசியில் இருக்கும் இடத்துக்கு எதுவும் வராது. அங்கே பெட்டிகள் குவியும். நிறைந்த வண்டி எங்கே போகிறது என்று கவனித்த அளவுக்குக் காலி வண்டி எங்கே இருக்க வேண்டும் என்று கவனிக்கவில்லை. இதைச் சொன்னபோது அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்போ காலியா இருக்கறதும் ஒரு பொருள்தானா அத்தை?" என்றாள். நான் இதுவரை படித்த விளக்கங்களில் எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது டெர்மினல் 2008 மார்ச் 27 அன்று திறந்தபோது நடந்ததும் இதற்கு உறவுதான். ஊழியர்களுக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, அவர்களே செக்யூரிட்டியைத் தாண்டி உள்ளே வரத் தாமதமானது, பெட்டி ஏற்பாட்டின் கம்ப்யூட்டரில் பலரால் நுழைய முடியவில்லை. பெட்டிகள் மலையாகக் குவிந்தன. பயணிகளுக்காக எல்லாவற்றையும் கணக்குப் போட்டவர்கள், பயணிகளைக் கவனிக்க வருபவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு என்பதைக் குறைவாக எடைபோட்டுவிட்டார்கள்.

பணத்தைப் பற்றி அவள் கேட்டாள். மூன்றாவது லைன் சம்பளத்தை யார் கொடுப்பது? பதில் டெர்மினலில் உள்ள கடைகளில் இருக்கிறது. விமான நிலையங்களின் வருமானத்தில் பெரிய பங்கு கடை வாடகை, சாப்பாடு, பார்க்கிங் போன்றவற்றிலிருந்து வருகிறது. தரையிறங்கும் கட்டணத்தை மட்டும் நம்பி எந்தப் பெரிய நிலையமும் ஓடுவதில்லை. செக்யூரிட்டி வரிசையில் நிற்பவர் காபி வாங்க முடியாது. அரை மணி நேரம் முன்னதாக உள்ளே வந்துவிட்டவர்தான் காபியும் புத்தகமும் வாங்குவார். ஆக, சும்மா கிடக்கும் லைனின் சம்பளத்தைக் காபிக்கடை கொடுத்துவிடும்.

இந்த விளையாட்டு சொல்லாமல் விடுவதும் உண்டு. அதையும் அவளிடம் மறைக்க நான் விரும்பவில்லை. மனிதர்கள் நேரத்தைக் கடிகாரம் மாதிரி அளப்பதில்லை. ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டி வரத் தாமதம் என்று புகார் குவிந்ததாம். ஊழியர்களைக் கூட்டி நேரத்தைக் குறைத்தும் புகார் நிற்கவில்லை. பிறகு விமானம் வந்து சேரும் கேட்டைத் தள்ளி வைத்தார்கள். பயணிகள் முன்பைவிட ஆறு மடங்கு நடக்க வேண்டியிருந்தது. பெட்டி இருக்கும் இடத்தை அடையும்போது பெட்டி வந்திருந்தது. புகார் கிட்டத்தட்ட நின்றுபோனது. நடக்கிற நேரம் காத்திருப்பாகக் கணக்காகவில்லை. திரையில் நடமாடும் குட்டி மனிதர்களுக்கு இந்த மனம் இல்லை.

இன்னொரு விடுபடல் அதைவிடக் கனமானது. விளையாட்டு தொடங்கும்போது நம் முன்னால் இருப்பது பச்சைப் புல்வெளி. யாருடைய நிலம் என்ற கேள்வியே எழாது. ஜப்பானின் நரிட்டாவில் 1966-ல் விமான நிலையம் என்று அரசு முடிவு செய்தபோது அங்கே விவசாயிகள் இருந்தார்கள். வருடக்கணக்கில் போராடினார்கள். 1978 மார்ச்சில், திறக்க நான்கு நாள் இருக்கும்போது, போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டு டவருக்குள் புகுந்து கருவிகளை உடைத்தார்கள். மே மாதம்தான் திறக்க முடிந்தது. 2,500 மீட்டர் என்று திட்டமிட்ட இரண்டாவது ரன்வே, நிலம் கிடைக்காமல் 2002-ல் 2,180 மீட்டரோடுதான் திறந்தது. முழு நீளம் கிடைக்க 2009 ஆனது. அவ்வளவு தூரம் போவானேன். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் என்று 2022-ல் அறிவித்ததிலிருந்து, ஏகனாபுரத்து மக்கள் தங்கள் வயலுக்காகவும் ஏரிக்காகவும் போராடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். விளையாட்டின் புல்வெளியில் ஏரி இல்லை, அந்த ஏரியை நம்பி வாழ்ந்த தாத்தா இல்லை. இதைச் சொன்னபோது அவள் எதுவும் பேசாமல் திரையின் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது டீக்குப் பிறகு வேலையைத் தொடங்கினாள். இரண்டாவது ரன்வேயை விட்டாள். டாக்ஸிவேயில் வரும் வழி, போகும் வழி என்று பிரித்தாள். செக்யூரிட்டியில் மூன்றாவது லைன் போட்டாள். அட்டவணையைத் திறந்து, ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரு கட்டத்தை எடுத்து வெளியே வைத்தாள். எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் முகம் சுளித்தாள். இருந்த கட்டங்களைத் தள்ளித் தள்ளி வைத்ததும், நடுவில் வெள்ளை இடைவெளிகள் தெரிந்தன.

ஓடவிட்டோம். மாலை 5:40 விமானம் எரிபொருள் வண்டிக்காகப் பத்து நிமிடம் நின்றது. அவள் நகத்தைக் கடித்தாள். வண்டி வந்தது, விமானம் கிளம்பியது. அந்த ஸ்டாண்டுக்கு வர வேண்டிய அடுத்த விமானம் இன்னும் வானத்தில்தான் இருந்தது.

"அத்தை, மூணாவது லைன்ல ஆளே இல்ல. அந்த ஊழியர் சும்மா உக்காந்திருக்கார்."

"உக்காந்திருக்கட்டும்," என்றேன்.